எழுத்தால் எழுந்த ஊரும் அதன் ஏட்டுப் பரம்பரையும்

ஸ்ரீரங்கத்தில் விளைந்த வியாக்கியானங்களின் அளவைப் படிக் கணக்கால் சொல்வது பெரியோர் வழக்கம். முப்பத்திரண்டு அக்ஷரம் கொண்ட ஒரு கிரந்தத்தை ஒரு படியாக எண்ணி, திருவாய்மொழிக்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் இட்ட உரையை ஆறாயிரப்படி என்றும், நஞ்சீயர் இட்டதை ஒன்பதினாயிரப்படி என்றும், பெரியவாச்சான் பிள்ளை இட்டதை இருபத்துநாலாயிரப்படி என்றும், நம்பிள்ளை நாள்தோறும் அருளிச்செய்ய வடக்குத் திருவீதிப் பிள்ளை கேட்டு ஏடுபடுத்திய ஈட்டை முப்பத்தாறாயிரப்படி என்றும் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். பின்வந்த உரை முன்வந்ததைத் தள்ளிவிட்டு எழுந்ததன்று. முன்னோர் சுருக்கியதை விரித்து, அவர்கள் விட்டதை நிரப்பி, அவர்களுடைய திருநாமத்தைச் சொல்லியே அது மேற்சென்றது. இந்த ஏட்டுச் சரித்திரம் காற்றில் கலந்திருக்கும் ஓர் ஊரில் இருந்துகொண்டு, டென்மார்க் தேசத்து மாணாக்கர் ஐவர் 1990-இல் எழுதத் தொடங்கிய டிகுமட் என்னும் கம்ப்யூட்டர் விளையாட்டின் மூலநிரல் கைக்குக் கை மாறி எண்ணற்ற விளையாட்டுகளாகப் பெருகிய கதையை வாசிக்கிறவனுக்கு, அது அந்நிய தேசத்துக் கதையாகத் தோன்றுவதில்லை.

பக்தி நூலையும் பொழுதுபோக்கையும் ஒரே தராசில் நிறுப்பது என் கருத்தன்று. எழுதினவர் ஒருவர், பெயர்த்தெழுதினவர் ஒருவர், திருத்தினவர் ஒருவர் என்று ஒரு பிரதி பலர் கையால் உயிர் வாழ்வதற்கு எது காரணம் என்ற ஒரு கேள்வியில்தான் இரண்டும் சந்திக்கின்றன. எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விலைக்கு மட்டும் விற்காதே, தந்தவர் பெயரை மறைக்காதே என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட பிரதியே நெடுங்காலம் வாழ்கிறது என்பது டிகுமட்டின் வரலாற்றிலிருந்து நான் கண்டுகொண்ட விடை.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்கு அதன் இயல்பைச் சற்று விளக்கவேண்டும். இதில் படம் இல்லை, ஒலி இல்லை. திரையில் தோன்றுவதெல்லாம் எழுத்தே. ஓரிடத்துக்குள் நுழைந்தால் அவ்விடத்தின் வர்ணனை நாலைந்து வரிகளில் வரும்; எந்தத் திசையில் வழி உண்டு, அங்கே யார் நிற்கிறார்கள், கீழே என்ன கிடக்கிறது என்பவை அதன்கீழ் வரும். ஆடுகிறவர் வடக்கே போ, வாளை எடு, இன்னாரைத் தாக்கு என்பன போன்ற கட்டளைகளைத் தட்டெழுதுவார். அதன் விளைவு மறுவரியில் எழுத்தாகவே திரும்பிவரும். அங்கே எதிரே நிற்கும் மனிதர்களுள் சிலர் இயந்திரம் ஆட்டுவிக்கும் பொம்மைகள். சிலரோ வேறு வேறு ஊர்களில் தத்தம் கம்ப்யூட்டரின் முன் அமர்ந்திருக்கும் மெய்யான மனிதர்கள். ஒரே காலத்தில் பலர் புகுந்து, பேசி, நட்புக்கொண்டு, சண்டையிட்டு வாழும் இப்படிப்பட்ட உலகங்களுக்கு மட் என்ற பொதுப்பெயர் நிலைத்துவிட்டது.

கம்ப்யூட்டரைப் பற்றித் தமிழில் சுவைபட எழுத முடியும் என்று காட்டிய சுஜாதா, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றியவர். ஆனால் அவர் எழுதிக்கொண்டிருந்த 1980-களில் நம் ஊர்க் கம்ப்யூட்டர்களுள் பெரும்பாலானவை ஒன்றோடொன்று பேசும் பாக்கியம் பெறாதவை. கல்வி நிலையங்களை இணைக்கும் எர்நெட் திட்டம் 1986-இல் தொடங்கிற்று. பொதுமக்களுக்கு இண்டர்நெட் 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி வந்தபோதும் அது முதலில் பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை போன்ற பெருநகரங்களுக்கே வந்தது. துவாக்குடியில் 1964-இல் நிறுவப்பட்ட மண்டலப் பொறியியற் கல்லூரி இருந்தும், திருச்சியின் இல்லங்களுக்கு அந்த வசதி சற்றுத் தாமதித்தே எட்டியது. தொடக்கத்தில் குறைந்த கட்டணத்தில் கிடைத்த இணைப்பும் எழுத்தை மட்டுமே காட்டுவதாக இருந்தது. மட் விளையாட்டுகளின் பொற்காலம் மேல்நாட்டில் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவற்றுக்கு முற்றிலும் பொருத்தமான எழுத்துத் திரையை வைத்துக்கொண்டே நாம் அவற்றை அறியாதிருந்தோம் என்பதை நினைக்கையில் மனம் வருந்துகிறது.

கதையின் ஆதி அமெரிக்காவில் இருக்கிறது. வில் க்ரௌதர் என்ற பொறியியலாளர், குகைகளை ஆராய்வதில் பெருவிருப்பம் உடையவர், கென்டக்கி மாகாணத்து மாமத் குகையைத் தம் நினைவிலிருந்து எழுத்தாக வடித்து, 1970-களின் நடுவில் ஒரு விளையாட்டை அமைத்தார். டான் வுட்ஸ் என்பவர் அதை 1977-இல் விரித்தெழுதினார். பெயர்த்தெழுதுவோர் திருத்தி வளர்க்கும் பழக்கம் இந்தக் குலத்துக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்பதைக் கவனிக்கவேண்டும். ஆயினும் அதில் ஆடுகிறவர் ஒருவரே. குகைக்குள் அவருக்குத் துணை இல்லை. அந்தத் தனிமையைப் போக்கியவர்கள் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் ஆவர். 1978-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் ட்ரப்ஷா தொடங்கிவைத்து, 1980-இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டுச் சென்றபோது பார்ட்டில் ஏற்று நிறைவுசெய்த அந்த முதல் மட், டிஜிட்டல் நிறுவனத்தின் பிடிபி-10 என்ற பெருங்கம்ப்யூட்டரில் ஓடிற்று. வெளியூரார் தொலைபேசி வழியாக உள்ளே வரப் பல்கலைக்கழகம் அனுமதித்தது. ஆனால் பகலில் அந்த இயந்திரம் கல்விப் பணிக்கு உரியதாகையால், ஊர் உறங்கும் பின்னிரவே விளையாட்டுக்கு வாய்த்த நேரம். அந்த மூலநிரல் அக்குறிப்பிட்ட இயந்திர வகைக்கே உரியதாக இருந்ததால் பிற இடங்களுக்கு எளிதில் பெயராமல் நின்றுவிட்டது. ஈடு பல தலைமுறைகள் ஒரு சிலர் கைவழியே மட்டும் வந்து, 15-ஆம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டுக் காலம் அதை விரித்துரைத்தபோதுதான் உலகோர்க்கெல்லாம் பொதுவாயிற்று என்பார்கள். முதல் மட் என்ற விளையாட்டின் கருத்தும் அவ்வாறு பொதுவாவதற்குப் பிறர் கை தேவைப்பட்டது.

அப்படி உதவிய கைகளுள் முதலாவது வேல்ஸ் தேசத்து அபெரிஸ்ட்வித் நகரத்து மாணாக்கரான ஆலன் காக்ஸுடையது. பிற்காலத்தில் லினக்ஸ் இயங்குதளத்தின் வளர்ச்சியில் பெரும்பங்கு கொண்டு புகழ்பெற்றவரும் இவரே. 1987-ஆம் ஆண்டில், விஜயநகர காலம் தொட்டு மொட்டையாய் நின்ற தெற்கு ராயகோபுரம் பதின்மூன்று நிலைகளோடு நிறைவுபெற்று ஸ்ரீரங்கமே விழாக்கோலம் கொண்டிருந்த அந்த ஆண்டில், காக்ஸும் அவருடைய தோழர்களும் அபெர்மட் என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டின் இறுதியில் அது சி மொழிக்கு மாற்றப்பட்டு யுனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஓடத் தொடங்கியதும் பல்கலைக்கழகந்தோறும் பரவிற்று. 1989-இல் ஜிம் ஆஸ்ப்னெஸ் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் சண்டையற்ற, உரையாடலுக்கே உரிய டைனிமட்டையும், லார்ஸ் பென்ஷோ ஸ்வீடனில் எல்பிமட்டையும் எழுதினார்கள். இவ்விரண்டும் பெரிய கிளைகள். தனித்தனியே எழுதத் தக்கவை. இங்கே நமக்கு வேண்டுவது கோபன்ஹேகன் கிளை.

கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் துறைக்கு டேனிஷ் மொழியில் அமைந்த நீண்ட பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் டிகு என்று வரும். அத்துறையில் படித்த கட்யா நைபோ, டாம் மாட்ஸன், ஹான்ஸ் ஹென்ரிக் ஸ்டேர்ஃபெல்ட், மிக்கேல் சைஃபர்ட், செபாஸ்டியன் ஹாம்மர் ஆகிய ஐவரும் அபெர்மட்டை ஆடி ஆடி அதன் குறைகளை உணர்ந்தவர்கள். அதைவிடச் சிறந்த ஒன்றைத் தாமே எழுதிவிடுவது என்று 1990-இல் துணிந்தார்கள். ஆசிரியர் இட்ட பாடமன்று அது, ஊதியத்துக்குச் செய்த வேலையுமன்று. படிப்பினிடையே கிடைத்த ஓய்வில், ஆடுகிற ஆசையே தூண்ட எழுந்த காரியம். அது முதிர்ந்ததும் மூலநிரலை அப்படியே பொதுவில் வைத்தார்கள்.

அவர்கள் செய்த தீர்மானங்களுள் பின்விளைவு மிகுந்தது ஒன்று உண்டு. எல்பிமட்டில் உலகத்தைப் படைக்கிறவர் அதற்கென அமைந்த ஒரு மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் தனியே நிரல் எழுதவேண்டும். அதனால் அங்கே கற்பனைக்கு எல்லையில்லை, ஆனால் உழைப்புக்கும் எல்லையில்லை. டிகுமட்டிலோ சண்டை, மந்திரம், வாணிபம், பசி, தாகம் முதலிய விதிகளெல்லாம் மூலநிரலுக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தன. உலகத்தின் வர்ணனை மட்டும் தனி ஏடுகளில் இருந்தது: அறைகளுக்கு ஓர் ஏடு, பிராணிகளுக்கும் மனிதர்களுக்கும் ஓர் ஏடு, பொருள்களுக்கு ஓர் ஏடு, எத்தனை நாழிகைக்கு ஒருமுறை எதை எங்கே மீண்டும் வைக்கவேண்டும் என்பதற்கு ஓர் ஏடு, கடைகளுக்கு ஓர் ஏடு. ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண். அறையின் பெயர் ஒரு வரியில், வர்ணனை அதன்கீழ், அது முடிந்ததற்கு அடையாளமாக ஓர் அலைக்குறி. பிறகு வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு, மேல், கீழ் என்ற ஆறு திசைகளுள் எதில் நடந்தால் எத்தனையாம் எண்ணுள்ள அறைக்குப் போகலாம் என்ற குறிப்பு. இவ்வளவே. நிரலெழுதத் தெரியாதவரும், அழகாக எழுதத் தெரிந்தவராயின், ஒரு நகரத்தையே கட்டிவிடலாம். மூலநிரலைப் பெற்று இயந்திரத்தில் ஏற்றினால் வெறும் சட்டம் மட்டும் கிடைக்காமல், குடியேறத் தயாராக ஒரு முழு ஊரும் உடன் கிடைத்தது என்பதே டிகுமட் பரவியதற்குப் பெருங்காரணம் என்று நான் கருதுகிறேன்.

அந்த ஊரின் பெயர் மிட்கார்ட். புதிதாகப் பிறக்கும் ஒவ்வொருவரும் கண்விழிக்கும் இடம் அவ்வூரின் கோயில். அதன் எண் 3001. வடக்கே பலிபீடம் இருக்கிறது. மேட்டின்மேல் எழுந்த அந்தக் கோயிலின் படிகளில் இறங்கினால் கோயில் முன்றில், அதற்குத் தெற்கே சந்தைச் சதுக்கம், அதன் இருபுறமும் பெருந்தெரு. ரொட்டிக் கடை, ஆயுதக் கடை, மந்திரப் பொருள் விற்கும் கடை ஆகியவை வீதியோரத்தில் உள்ளன. மந்திரவாதி, பூசகர், திருடர், போர்வீரர் என்ற நால்வகையார்க்கும் தனித்தனிக் கூடங்கள் உண்டு. கோயிலை நடுவில் வைத்து அதைச் சுற்றி ஊரை வகுக்கும் முறையை நாம் யாரிடமும் கற்கவேண்டியதில்லை. ஆனால் கோபன்ஹேகனில் அமர்ந்து ஓர் ஊரைக் கற்பனை செய்த இளைஞர்களும் புதியவனை முதலில் கொண்டுபோய் நிறுத்தும் இடம் கோயிலாகவே இருக்கவேண்டும் என்று கருதியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. உலகத்தின் பல மூலைகளில், வேறு வேறு பெயர் பூண்ட விளையாட்டுகளில், பல ஆண்டுகள் கழிந்த பின்னும் 3001-ஆம் எண்ணுள்ள அறையில் அந்தக் கோயிலின் வர்ணனை எழுத்து மாறாமல் இருப்பதைக் காணலாம்.

டிகுமட்டின் உரிமப் பத்திரம் மிகச் சிறியது. இதைக்கொண்டு எவ்வகையிலும் பணம் ஈட்டலாகாது. எங்கள் ஐவர் பெயரும் விளையாட்டுக்குள் நுழைகிற ஒவ்வொருவர் கண்ணிலும் நுழையும்போதே படவேண்டும். ஆக்கியோரைக் காட்டும் கட்டளையிலும் எங்கள் பெயர் என்றும் நிற்கவேண்டும். இவற்றைக் காத்துக்கொண்டு மூலநிரலை எவ்விதமும் மாற்றிக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். திவ்யப்பிரபந்தத்தில் எந்தப் பகுதியைத் தொடங்கினாலும் அதை அருளிச்செய்தவரைப் போற்றும் தனியனைச் சொல்லிவிட்டே உள்ளே புகும் கோஷ்டியைத் தினமும் கேட்கும் ஸ்ரீரங்கத்தார்க்கு, இந்த நிபந்தனையின் நியாயத்தை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. பணத்தை மறுத்துப் பெயரை மட்டும் கேட்டவர்களுடைய மனம் எத்தகையது என்பதை நாம் எளிதில் உணர்வோம்.

ஏடு பெயர்த்தலின் தர்மத்தைப் பற்றிக் குருபரம்பரை நூல்கள் சொல்லும் ஒரு வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியைச் செவ்வையாகப் பெயர்த்தெழுத ஒருவரைத் தேடியபோது, நம்பூர் வரதராஜர் என்ற இளைஞரை அடியார்கள் காட்டிக்கொடுத்தார்கள். அவர் மூல ஏட்டைப் பெற்றுக்கொண்டு தம் ஊருக்குப் புறப்பட்டுக் காவிரியைக் கடக்கையில், தலையில் கட்டியிருந்த ஏட்டுக்கட்டை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆசாரியர் சொல்லக் கேட்டிருந்ததைக்கொண்டு நினைவாலேயே முழுவதையும் எழுதிய வரதராஜர், தமிழிலே வல்லவராகையால், சிற்சில இடங்களில் தமக்குத் தோன்றிய நயமான பொருளையும் சேர்த்துவிட்டார். கொண்டுவந்து சமர்ப்பித்தபோது நஞ்சீயர் தாம் எழுதாதவை பல அதில் இருப்பதைக் கண்டு வினவ, அவரும் நடந்ததை மறையாமல் விண்ணப்பித்தார். நஞ்சீயர் வெகுளவில்லை, வாரியணைத்து, நம்பிள்ளை என்று பெயரிட்டு அருளினார். அந்த நம்பிள்ளையின் காலட்சேபத்திலிருந்துதான் இருபத்துநாலாயிரமும் முப்பத்தாறாயிரமும் பிறந்தன.

டிகுமட்டின் வழியிலும் நம்பிள்ளைகள் பலர் தோன்றினார்கள். மைக்கேல் சேஸ்டெய்ன், மைக்கேல் குவான், மிட்சல் சே ஆகிய மூவரும் 1992-93-இல் வெளியிட்ட மெர்க் வேகத்துக்குப் பெயர்பெற்றது. சிறிய இயந்திரத்திலும் தடையின்றி ஓடியது. அதிலிருந்து ரஸ் டெய்லர் ராம் என்பதைச் செய்தார். டெரிக் ஸ்னைடரும் தோழர்களும் மெர்க்கின் மற்றொரு வழியில் ஸ்மாக் என்பதை வளர்த்தார்கள். ராமிலிருந்தும் ஸ்மாகிலிருந்தும் கிளைத்தவற்றை எண்ணி முடிக்க இயலாது. மெர்க்கை ஏற்றவர் மெர்க்கின் உரிமப் பத்திரத்தோடு டிகுவின் பத்திரத்தையும் வைத்துக்கொள்ளவேண்டும். ராமை ஏற்றவர் மூன்றையும் வைத்துக்கொள்ளவேண்டும். குலத்து ரிஷிகளின் பெயரையும் கோத்திரத்தையும் சொல்லித் தன்னைச் சொல்லும் அபிவாதனம் போல, உள்ளே நுழைகிறவரை வரவேற்கும் திரையில் பெயர்வரிசை நீண்டுகொண்டே போகும்.

நான் எல்லாவற்றினும் மேலாக மதிப்பது சர்க்கிள்மட் என்ற பிரதியை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணாக்கராயிருந்த ஜெரமி எல்ஸன் அதை 1993 ஜூலையில் வெளியிட்டார். டிகுமட்டைப் பெற்றவர்களெல்லாம் புதிய மந்திரம், புதிய ஆயுதம், புதிய குலம் என்று சேர்த்துக்கொண்டே போன காலம் அது. எல்ஸன் சேர்ப்பதைவிடத் துலக்குவதையே விரதமாகக் கொண்டார். பிழைகளைக் களைந்தார், குழம்பிக் கிடந்த பகுதிகளை ஒழுங்குபடுத்தினார், நிறுவுவதற்கும் கட்டுவதற்கும் நிரலெழுதுவதற்கும் தெளிவான நூல்களை உடன் எழுதிவைத்தார். வேண்டுமென்றே அணிகலன் குறைவாக வைத்து, இதன்மேல் உங்கள் உலகத்தை நீங்களே கட்டுங்கள் என்று கொடுத்தார். சுத்தபாடம் பார்த்து ஏடு கொடுப்பவன் மூலத்தை எழுதியவனுக்குச் சற்றும் தாழ்ந்தவனல்லன் என்பது என் எண்ணம். சி மொழியில் பெரிய நிரல் எப்படி அமையும் என்பதை வகுப்பறையைவிட இந்தப் பிரதியை வாசித்தே கற்றவர்கள் உலகெங்கும் உண்டு.

சர்க்கிள்மட்டைப் பிரித்து உள்ளே பார்ப்பது இன்பமான அநுபவம். அவ்வுலகத்தின் காலக் கணக்கைச் சொல்கிறேன்: நமது 75 வினாடி அங்கே ஒரு மணி, 24 மணி கொண்ட அவ்வூர் நாள் நமக்கு அரைமணி, 35 நாள் ஒரு மாதம், 17 மாதம் ஓர் ஆண்டு. மனிதப் பிறவிக்கு 30 படிகள். அவற்றைக் கடந்தவர் 31-ஆம் படியில் இறவாத நிலை எய்தி, 34-ஆம் படியில் உலகத்தையே ஆள்பவராகிறார். நூறு பேர் ஆடினாலும் ஒரே நிரல் வினாடிக்குப் பத்து முறை விழித்து, ஒவ்வொருவர் சொன்னதையும் ஒருமுறை கேட்டு, செய்யவேண்டியதைச் செய்து, மீண்டும் கண்மூடுகிறது. இத்தனையும் எவரும் வாசித்து அறியத்தக்க எழுத்தாக நம்முன் கிடக்கிறது.

ஏட்டில் வழங்கிய நூல் அச்சேறியதும் பாடம் உறைந்துவிடுகிறது. இதே ஸ்ரீரங்கத்து வாணி விலாஸ் அச்சகம் 1910-ஐ ஒட்டி ஆதிசங்கரர் கிரந்தங்களை 20 தொகுதிகளாக அழகுற அச்சிட்டு வழங்கியது மகத்தான தொண்டு. ஆயினும் அச்சுப் பிரதியை வாங்கினவர் அதைத் திருத்தி மற்றொருவருக்குத் தருவதில்லை. மூலநிரலோ கடைசி வரையில் ஓலையின் இயல்பு கொண்டது. பெறுகிற ஒவ்வொருவர் கையிலும் எழுத்தாணி இருக்கிறது. அதனால்தான் அதற்கு உரிமப் பத்திரம் என்ற வேலி வேண்டியிருந்தது.

அந்த வேலியைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். மூலநிரலில் இத்தனை மாற்றம் செய்துவிட்ட பின் இது எங்களுடையதே என்று சொல்லி ஐவர் பெயரையும் திரையிலிருந்து நீக்கியதாகவும், ஆடுகிறவர்களிடம் பணம் பெற்றதாகவும் குற்றச்சாட்டுக்கு ஆளான விளையாட்டுகள் உண்டு. அவற்றைப் பற்றிய வாதங்கள் பல ஆண்டுகள் கசப்போடு நடந்தன. மாற்றம் எவ்வளவு பெரிதாயினும் பெயரை நீக்குவதற்கு அது நியாயமாகாது என்ற பக்கத்திலேயே நான் நிற்கிறேன். நம்பிள்ளை ஏட்டை இழந்து நினைவாலேயே எழுதினார், ஆனாலும் அது ஒன்பதினாயிரப்படியாகவே, நஞ்சீயருடையதாகவே வழங்குகிறது.

1999 மார்ச்சில் எவர்குவெஸ்ட் என்ற படவிளையாட்டு அமெரிக்காவில் வெளிவந்து பெரும் வாணிப வெற்றி பெற்றபோது, டிகுமட்டை அறிந்தவர்கள் திடுக்கிட்டார்கள். தொழில் வகைகள், படிப்படியான ஏற்றம், சண்டையின் நடை, மீண்டும் மீண்டும் அதே இடத்தில் தோன்றும் எதிரிகள் என எல்லாம் பழகியவை. அதைச் செய்தவர்கள் டிகு வழி விளையாட்டுகளில் ஊறியவர்கள் என்பதும் தெரிந்ததே. மூலநிரலையே எடுத்துக்கொண்டார்களோ என்ற ஐயம் எழுந்தது. 2000-ஆம் ஆண்டில், தங்கள் விளையாட்டு டிகுமட்டின் நிரலைக்கொண்டு அமைந்ததன்று என்று அந்நிறுவனத்தார் சத்தியப் பத்திரம் எழுதிக்கொடுத்தார்கள். கோபன்ஹேகன் நண்பர்களும் அத்துடன் அமைந்தார்கள். பெற்றது நிரல் அன்று, ரஸனை. எவர்குவெஸ்ட்டின் வழியைப் பின்பற்றி 2004-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் எழுந்தது. கோடிக்கணக்கான மக்கள் அதை ஆடியிருக்கிறார்கள். அவர்களுள் மிட்கார்டின் கோயிலைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள்.

டிகுமட்டை ஆக்கியோர் அண்மைக் காலத்தில் தங்கள் பழைய நிபந்தனைகளைத் தளர்த்தி, மூலநிரலைக் கட்டற்ற மென்பொருள் உரிமத்தின்கீழ் வெளியிட்டுவிட்டார்கள். சர்க்கிள்மட்டின் வழித்தோன்றலான டிபிஏமட் என்பதைச் சிலர் இன்றும் விடாது பராமரித்து வருகிறார்கள். ஆகவே இனி நாம் செய்யவேண்டிய ஒரு காரியத்தைப் பற்றி ஆசையோடு சொல்ல விரும்புகிறேன். ஸ்ரீரங்கத்தை இம்முறையில் எழுத்தால் கட்டலாம். அடையவளஞ்சான் வீதி, சித்திரை வீதி, உத்தர வீதி என்று ஒன்றனுள் ஒன்றாய் அமைந்த திருச்சுற்றுகளும், நான்கு திசையும் நோக்கும் கோபுர வாசல்களும் ஆறு திசைகளைக்கொண்டே உலகம் சமைக்கும் இந்த நிரலுக்கென வகுத்தவை போல் இருக்கின்றன. அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு ஓர் எண், சந்திர புஷ்கரணிக்கு ஓர் எண், ஆயிரங்கால் மண்டபத்துக்குச் சில எண்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டித் தெற்கே நடந்தால் மலைக்கோட்டை, அங்கே மேல் என்ற ஒரு திசைக்கே அறை அறையாகப் படிகள்.

ஆனால் வர்ணனையைத் தமிழில் எழுதுவதற்குமுன் நிரலில் சில இடங்களைத் தொடவேண்டும். சர்க்கிள்மட், ஆடுகிறவர் தட்டெழுதும் ஒவ்வோர் எழுத்தையும் அது ஆங்கில அச்செழுத்துத்தானா என்று சோதித்து, அல்லாததை ஓசையின்றி உதிர்த்துவிடுகிறது. அதை எழுதிய காலத்தில் அது குற்றமன்று. யுனிகோட் என்ற பொது எழுத்துக் குறியீடு அப்போதுதான் பிறந்திருந்தது. அந்தச் சோதனையை நீக்கினாலும் பெயருக்கு 20 பைட் என்று வகுத்த எல்லை குறுக்கே நிற்கும். இன்று வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் இடம் கொள்ளும். மெய்யின் புள்ளிக்கும் உயிர்மெய்யின் குறிக்கும் தனித்தனியே இடம் வேண்டும். அந்தக் கணக்கில் அரங்கன் என்ற பெயருக்கு 21 பைட் ஆகிறது. ஒரு பைட் மிகுதி என்று சர்க்கிள்மட் அந்தப் பெயரை ஏற்க மறுத்துவிடும். பெயரின் நீளத்தை வகுத்த வரியின் பக்கத்திலேயே, இதை மாற்றாதே என்ற எச்சரிக்கையும் எழுதியிருக்கிறது. ஏனெனில் ஆடுகிறவர்களின் பதிவேடு அந்த அளவுக்கே அமைந்தது, அளவு மாறினால் பழைய பதிவுகளைப் படிக்க இயலாது. புதிதாக ஊர் சமைக்கும் நமக்குப் பழைய பதிவுகள் இல்லை. ஆதலால் அந்த வரியைத் துணிந்து மாற்றலாம்.